எட்டு வீட்டுக்கு ஒன்பது பேர்

கச்சிராயபாளையத்தைச் சுற்றிக் கரும்பு போட்ட யாரைக் கேட்டாலும் பூமாலையைத் தெரியும். சர்க்கரை ஆலையில் முப்பத்து நாலு வருஷம் கரும்பு உதவியாளர்; ஊர் வாயில் பீல்டுமேன். வயல் வயலாகப் போய், யார் எந்தத் தேதியில் கரும்பு நட்டார் என்று பதிவு செய்வார். கரும்பு முற்றியதும் அந்தத் தேதி வரிசைப்படி வெட்டு உத்தரவு கொடுப்பார். முன்னால் நட்டவருக்கு முன்னால், பின்னால் நட்டவருக்குப் பின்னால். அவ்வளவுதான் சமாச்சாரம்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பங்குனி வெயிலில் கரும்பு காய்ந்து எடை இறங்கும்போது, வரிசையில் ஓர் இடம் முன்னேறுவதற்காக மனிதர்கள் எதையெல்லாம் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்பதைப் பூமாலை பார்த்திருக்கிறார். நாட்டுக்கோழி வந்தது. கட்சிக்கரை வேட்டி வந்தது. ஒரு முறை கைக்குழந்தையே வந்தது. வரிசை மாறவில்லை. சொந்த மாமனாரின் ஒன்றரை ஏக்கர் கரும்பு பூத்து நரைத்து நின்றபோதும் மாறவில்லை. அதற்குப் பிறகு நாலு பொங்கலுக்கு மாமனார் வீட்டிலிருந்து சீர் வரவில்லை. பூமாலைக்கு அதில் பெருமை. அவர் மனைவி பெரியநாயகிக்கு அதில் நாலு பித்தளைப் பானை நஷ்டம்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு அறுபத்தொன்றாம் வயதில், வயசான காலத்தில் குடியிருக்க ஒரு வீடு தேவைப்பட்டது.

ஆலைக் குடியிருப்பைக் காலி செய்த பிறகு இருவரும் கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். ஏறுவதற்கு இருபத்திரண்டு படி. பெரியநாயகியின் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம் போடும். கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரம் ஆனதிலிருந்து ஊருக்கு ஆட்சியர் வந்தார், நீதிமன்றங்கள் வந்தன, பின்னாலேயே வாடகையும் வந்தது. வீட்டுக்காரர் ஒரு நாள் படியேறி வந்து, சித்திரை பிறந்தால் அரசு அதிகாரி ஒருவர் குடிவரப்போகிறார் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். தை மாதம் பாதி முடிந்திருந்தது.

சென்னையில் இருக்கும் மகள் அபிநயா போனில் தீர்வோடு தயாராக இருந்தாள்.

“அப்பா, கோயம்புத்தூர்ல வயசானவங்களுக்குன்னே தனியா ஊரு மாதிரி கட்டி வெச்சிருக்காங்க. சமைக்க வேணாம், பெருக்க வேணாம். நீ உன் பி.எஃப். பணத்தப் போடு, மிச்சத்துக்கு நாங்க லோன் போடறோம்.”

“ஏன், சென்னையில இல்லியா?”

“இருக்குது. அதே வூடு பதினஞ்சு லட்சம் ஜாஸ்தி. தண்ணி லாரியில வரும்.”

“கள்ளக்குறிச்சியில?”

அபிநயா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பூமாலை மறக்கவில்லை. அவர் மாவட்டத்தைப் பார்த்து வேறு மாவட்டத்தில் குடியிருக்கும் சொந்த மகளே சிரித்த சிரிப்பு அது.

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. வயலைப் பார்க்காமல் பூமாலை எந்தக் கரும்பையும் பதிவு செய்ததில்லை. மாசி முதல் வாரம் இருவரும் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினார்கள்.

முதியோர் குடியிருப்பு அழகாகத்தான் இருந்தது. புல்தரை, கோயில், யோகா கூடம், சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை. மாதிரி வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. ஆபத்து என்றால் அமுக்க வேண்டுமாம். விற்பனைப் பெண் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியநாயகி அமுக்கிவிட்டாள். இரண்டு பேர் சக்கர நாற்காலியோடு ஓடி வந்தார்கள்.

“யாருக்கும்மா என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆவலப்பா. எவ்ளோ நேரத்துல வரீங்கன்னு பாத்தேன். பரவால்ல, வெரசாதான் வரீங்க.”

விலை நாற்பத்தெட்டு லட்சம். மாதாமாதம் பராமரிப்பு தனி, சாப்பாடு தனி. ஒரு வீடும் காலி இல்லை. காத்திருப்போர் பட்டியலில் பதினாறு பேர். பூமாலையின் முகம் மலர்ந்தது. பட்டியல் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு ஊருக்கு வந்த மாதிரி.

“பட்டியல எந்த மூப்புப்படி போடறீங்க?”

“புரியல சார்.”

“வயசு மூப்பா? பதிவு மூப்பா?”

“அட்வான்ஸ் யார் முதல்ல கட்டறாங்களோ அவங்களுக்கு முதல்ல சார். அம்பத்தஞ்சு வயசு தாண்டியிருந்தாப் போதும்.”

பூமாலை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வரவேற்பறையில் ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் காத்திருந்தார். அவரிடம் போய் வயது கேட்டார். எண்பத்திரண்டு. பட்டியலில் எத்தனாவது? பதினாலு. விற்பனைப் பெண்ணிடம் திரும்பினார். இரண்டாவது இடத்தில் இருப்பவருக்கு? ஐம்பத்தேழு, துபாயில் இருக்கிறார், இன்னும் வேலையே முடியவில்லை.

“யம்மாடி, முத்தின கரும்ப வயல்ல வுட்டுட்டு மொளச்சதுக்கு ஆர்டர் போட்டா ஆலை இன்னாத்துக்கு ஆவும்?” என்றார் பூமாலை, விற்பனைப் பெண்ணிடம், உண்மையான வருத்தத்தோடு. அவர் விண்ணப்பப் படிவத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில் அங்கே காத்திருந்த நாலு பெரியவர்களையும் வயது வரிசைப்படி எழுதிக் கொடுத்தார். பெரியவர்கள் மகிழ்ந்தார்கள். நிர்வாகம் மகிழவில்லை. இருவரையும் வாசல்வரை மிகுந்த மரியாதையோடு இரண்டு பேர் கொண்டுவந்து விட்டார்கள்.

“நாப்பத்தெட்டு லட்சத்துக்கு வூடு கேக்க வந்துட்டு அவனுக்கே பாடம் எடுத்துகினு இருந்தியே, நல்லா வெளங்கும்,” என்றாள் பெரியநாயகி பஸ்ஸில். பொதுவாக ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாள். ‘ங்க’ உதிர்ந்தால் முழங்கால் வலி என்று அர்த்தம்.

அடுத்தது மலை. ஏற்காட்டில் பணக்காரர்கள் ஓய்வுக்கு வீடு கட்டிக்கொண்டு குளுகுளுவென்று இருக்கிறார்கள் என்று பேப்பரில் படித்திருந்தார். அங்கே ஒரு சென்ட் விலையைக் கேட்டபோது, தரகர் சொன்னது போன் நம்பரோ என்று நினைத்துவிட்டார். கல்வராயன் மலையிலும் அதே மேகம்தானே, அதே குளிர்தானே? தன் மாவட்டத்து மலையை விட்டுவிட்டு அடுத்த மாவட்டத்து மலைக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்? இருவரும் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினார்கள்.

குளிர் இருந்தது. காற்று இருந்தது. வாடகைக்கு வீடுதான் இல்லை. சாமை காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் விசாரித்தார். பேர் தைலம்மாள். வயது எழுபத்தெட்டு. மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“வாடவைக்கா?” என்று தைலம்மாள் சிரித்தார். “இங்க வூடு கட்றவன் தான் இருக்கத்தான் கட்றான். உனுக்கு ஒருத்தன் எதுக்குக் கட்டுவான்?”

“நெலம் எதுனா வாங்கி...”

“எங்க நெலத்துக்கே பட்டா குடுன்னு நாங்க நடையா நடக்கறோம். நீ எதுல எழுதி வாங்குவ?”

தைலம்மாளே சாமையைக் கிளறிவிட்டுக்கொண்டு சொன்னார்: “நீங்க மேல வரணுங்கறீங்க. நான் கீழ எறங்கணுங்கறேன். மாசம் ஒரு வாட்டி பெரியாஸ்பத்திரிக்குப் போவணும், கண்ணுக்கு. மொத பஸ்ஸ வுட்டா அன்னைக்கு டாக்டர் இல்ல. எம்மவன் வெற்றிசெல்வன் திருப்பூர்ல கெடக்கறான், அங்க ஒரே ரூமு. கீழ எதுனா ஒரு வூடு இருந்தா எனுக்கும் சேத்துச் சொல்லுங்க.”

பூமாலை சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். தைலம்மாள் என்று எழுதினார், பிறந்த வருஷத்தைப் பக்கத்தில் போட்டார். முப்பத்து நாலு வருஷப் பழக்கம். கேட்டவர் பெயரைப் பதிவு செய்யாமல் அவரால் நகர முடியாது. வீடு என்று ஒன்று இன்னும் பிறக்கவே இல்லை. வீட்டுக்கான பட்டியல் பிறந்துவிட்டது.

இறங்கும் பஸ்ஸில் அவர் கணக்குப் போட்டார். கோயம்புத்தூரில் வீடு இருக்கிறது, விலை எட்டவில்லை. ஏற்காட்டில் விலையை உச்சரிக்கவே முடியவில்லை. கல்வராயன் மலையில் விலை என்ற பேச்சே இல்லை, வீடும் இல்லை. கள்ளக்குறிச்சியில் வீடு இருக்கிறது, அது அதிகாரிகளுக்கு இருக்கிறது. ஆக, ஆண்டவன் வயசானவர்களுக்கு எல்லா ஊரிலும் ஏதோ ஒன்றைக் கொடுத்து ஏதோ ஒன்றை எடுத்து வைத்திருக்கிறான்.

பஸ் கச்சிராயபாளையத்துக்குள் நுழையும்போது ராமசாமியின் எட்டு வீடுகள் கண்ணில் பட்டன.

ராமசாமி கோமுகி அணை வாய்க்கால் பாசனத்தில் பன்னிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர். மாவட்டம் அறிவித்த வேகத்தில், அதிகாரிகள் எல்லாம் அணைக்காற்று வாங்க இங்கேதான் குடிவருவார்கள் என்று கடன் வாங்கி, ஒரே வரிசையில் எட்டு வீடு கட்டினார். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிக் குளியலறை, வாசலுக்கு இரண்டே படி. அதிகாரி ஒருவரும் வரவில்லை. மக்காச்சோள மூட்டை வந்தது. அரசாங்கம் அறியாமலே ஓர் அருமையான முதியோர் குடியிருப்பில் ஆறு வருஷமாக மக்காச்சோளம் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

மறுநாளே பூமாலை போய், எட்டு வீட்டையும் வயசானவர்களுக்கு வாடகைக்கு விடச் சொல்லிக் கேட்டார். ராமசாமி காபி கொடுத்தார், வீடு கொடுக்கவில்லை.

“உங்களுக்குன்னா தரேன் பீல்டுமேன். எட்டு வூட்டுலயும் கெழடு கட்டையா வெச்சா எப்பிடி? ஒருத்தர் ஆகாத நட்சத்திரத்துல போய்ச் சேந்தாருன்னு வைங்க. அடைப்புன்னுவாங்க. ஆறு மாசம் வூட்டப் பூட்டிப் போடணும். வாடகையும் போச்சு, அப்பறம் ஒருத்தன் குடி வரமாட்டான்.”

இதுதான் விஷயம். எந்தக் கோயம்புத்தூர் விளம்பரத்திலும் இல்லாத விஷயம். கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் வயசானவர்களுக்கு வாடகை வீடு கிடைக்காததற்குக் காரணம் சிமெண்ட் விலை இல்லை, பஞ்சாங்கம்.

பூமாலை வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தார். பெரியநாயகி கீரை ஆய்ந்துகொண்டே, “சாவறவன் பஞ்சாங்கம் பாத்துகினா சாவான்?” என்று அலுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஒரு முழுத்தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு ராமசாமியிடம் போனார். குடியிருப்போர் யாரேனும் அடைப்பு நட்சத்திரத்தில் காலமாகும் பட்சத்தில், வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களின் வாடகையை மற்ற ஏழு வீட்டாரும் சமமாகப் பகிர்ந்து கொடுப்பது. அடைப்பு முடிந்ததும் அந்த வீட்டுக்குப் பட்டியலில் அடுத்து இருப்பவர், சகுனம் பேசாமல் குடிவருவது. நல்ல நட்சத்திரத்தில் காலமாகும் பட்சத்தில் யாருக்கும் செலவில்லை.

ராமசாமி இரண்டு முறை படித்தார். “சாவுக்கே கட்டிங் ஆர்டர் போட்டுட்டீங்களே!” என்றார். பிறகு மூட்டைகளை எடுக்க ஆள் சொன்னார். மாத வாடகை மூவாயிரத்து ஐநூறு; முன்பணம் மூன்று மாதம். கோயம்புத்தூரில் அந்தக் காசுக்கு அந்தச் சிவப்புப் பொத்தானின் ஒயர் வேண்டுமானால் வரலாம்.

சேதி டவுன் பஸ்ஸில் ஏறி வடக்கனந்தல்வரை போனது. ஆலையில் ஓய்வு பெற்றவர்கள், ஓர் ஆசிரியர் தம்பதி, மகன் வெளிநாட்டில் இருக்க ஊரில் தனியாக இருந்தவர்கள் என்று பதிவு செய்துகொண்டார்கள். எல்லோருக்கும் பூமாலை ஒரே விதிதான் சொன்னார்: ஆதார் அட்டையில் குடும்பத் தலைவரின் பிறந்த தேதி எதுவோ, அதுதான் மூப்பு. வயதில் மூத்தவருக்கு முதல் வீடு.

கடைசியாக வந்தவர் வெங்கடேசன். வட்டாட்சியர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்திரண்டு. வடக்கனந்தலில் சொந்த வீடு உண்டு. அதை வங்கி மேலாளருக்கு நல்ல வாடகைக்கு விட்டுவிட்டு, இங்கே கம்மி வாடகையில் தங்கி, நடுவில் மிஞ்சும் காசில் காசியாத்திரை போகத் திட்டம்.

“சொந்த வூடு இருக்கறவங்களுக்குக் கெடையாதுன்னு உங்க விதியில இருக்குதா சார்?” என்று கேட்டார் வெங்கடேசன்.

இல்லை. கரும்புப் பதிவில் அப்படி ஒரு விதி கிடையாது. பூமாலை பதிந்துகொண்டார். அன்று சாயங்காலம் ஒன்பது பெயர்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தார். முதல் பெயர் தைலம்மாள். எட்டாவது வெங்கடேசன். ஒன்பதாவது பூமாலை.

வீடு எட்டு.

அவர் திரும்ப எண்ணினார். கூடவில்லை. ராமசாமி போனில், “யோவ், நீங்கதான எல்லாம் பண்ணீங்க, ஒண்ண எடுத்துக்கங்க, யாரு கேக்கப்போறா?” என்றார். அபிநயா போனில், “அப்பா, நீ இன்னா லூசா? நீ புடிச்ச வூட்டுல உனுக்கே எடமில்லையா?” என்று அழுதாள். பூமாலை இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: “பட்டியல் பட்டியல்தாம்மா.” ராமசாமிக்கும் பதற்றத்தில் ‘தாம்மா’ என்றே சொல்லிவிட்டார்.

பெரியநாயகி திட்டாமல், பெட்டியைத் திறந்து எதையோ தேடினாள். அதுதான் பயமாக இருந்தது.

பங்குனிக் கடைசி ஞாயிறு வீடு ஒதுக்கும் கூட்டம். எட்டு வாசலுக்கும் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரில் இன்னும் மக்காச்சோள வாடை. பூமாலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, பட்டியலை உரக்கப் படித்தார். ஏழு பெயர் படித்தாயிற்று.

“எட்டு, வெங்கடேசன். வயது அறுபத்திரண்டு. எட்டாம் எண் வீடு.” தாளை இன்னொரு முறை பார்த்தார். “ஒன்பது, பூமாலை. வயது அறுபத்தொன்று. காத்திருப்போர்.”

வெங்கடேசன் மட்டும், “நேர்மைன்னா இது சார்!” என்று கை தட்டினார். அவர் ஒருவர்தான் தட்டினார்.

“ந்தா, நிறுத்து,” என்று பெரியநாயகி எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். “பட்டியல்ல குடும்பத் தலைவர்னுதான போட்டுக்கீறீங்க?”

“ஆமா,” என்றார் பூமாலை.

“எங்க குடும்பத்துக்கு யாரு தலைவரு?”

பெரியநாயகி பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள். குடும்பத் தலைவர்: பெரியநாயகி. அவள் படம்தான் இருந்தது. பிறகு ஆதாரை எடுத்தாள். அதை நீட்டுவதற்கு முன்னால் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“எனுக்கு இவர வுட மூணு வயசு ஜாஸ்தி. அறுவத்து நாலு.”

கூட்டத்தில் ஒரு மூச்சு ஏறி இறங்கியது. கல்யாணப் பேச்சின்போது இரண்டு வருஷம் இளையவள் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி வைத்த கணக்கு அது. பூமாலைக்குத் தெரியும்; ஊருக்கு மட்டும் இல்லை, அபிநயாவுக்கே தெரியாது. கரும்பில் எத்தனை சதவீதம் சர்க்கரை இறங்கியது என்று ஆலை மூடி வைக்கும் கணக்குகூட வெளியே கசிந்திருக்கிறது. இது முப்பத்தேழு வருஷம் கசிந்ததில்லை.

“இது எப்பிடிங்க?” என்று வெங்கடேசன் துள்ளினார். “ஆம்பள இருக்கும்போது அவருதான தலைவரு? போவட்டும், பொண்டாட்டி மூத்தவன்னு வெளிய சொல்லிக்க வெக்கமா இல்லியா?”

“இருவத்திரண்டு படி ஏறிப் பாரு, வெக்கம் எந்தப் படியில உழுந்துச்சுன்னு தெரியும்,” என்றாள் பெரியநாயகி.

முன் வரிசையிலிருந்து தைலம்மாள் சிரித்தார். “எங்க வூட்டுக்காரர வுட நான் ஆறு வயசு பெரியவ. மலையில எவனும் கேக்கல. நீங்க கீழதான் இதையெல்லாம் ஒளிச்சு வெக்கறீங்க.”

இப்போது எல்லோரும் பூமாலையைப் பார்த்தார்கள். சாதாரணப் புருஷனாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பான், இல்லை சந்தோஷப்பட்டிருப்பான். பூமாலை ஆதாரை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். படத்தைப் பார்த்தார், முப்பத்தேழு வருஷமாகத் தெரிந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். ரேஷன் கார்டின் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

“விண்ணப்பதாரர் பேரு?” என்றார்.

“யோவ்!”

“பேரு சொல்லும்மா.”

“பெரியநாயகி,” என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒன்பதாவது பெயரை அடித்தார். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே புதுப் பெயரை எழுதி, எண்களைத் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் சுருக்கொப்பம் போட்டார். பிறகு பட்டியலை முதலிலிருந்து மறுபடி படித்தார், ஒரு பெயரையும் விடாமல். “ஆறு, பெரியநாயகி. வயது அறுபத்து நாலு. ஆறாம் எண் வீடு,” என்று வந்தபோது அவர் குரல் ஆலைச் சங்கு மாதிரி இருந்தது. இந்த முறை கை தட்டியது வெங்கடேசன் தவிர மற்ற எல்லோரும்.

“ஒன்பது, வெங்கடேசன். காத்திருப்போர்,” என்று முடித்துவிட்டுப் பூமாலை ஆறுதலாகச் சொன்னார்: “கவலப்படாதீங்க சார். கோயம்புத்தூர்ல பதினாறு பேரு நிக்கறாங்க. நம்ம மாவட்டத்துல இப்பதான் ஒருத்தர் நிக்கறீங்க. ஆரம்பம்தான.”

சித்திரை பிறப்பதற்கு முன்னாலேயே பால் காய்ச்சினார்கள். அபிநயா வந்திருந்தாள். அம்மாவின் வயதைக் கேட்டு முதல் நாள் வாயடைத்தாள்; இரண்டாம் நாள் சென்னைத் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டு அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ராமசாமி வாடகைப் பத்திரத்தைப் பெரியநாயகி பேரிலேயே எழுதினார். “உடன் வசிப்பவர்” என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். பூமாலை அதைப் படித்துப் பார்த்து, தன் பெயரில் எழுத்துப் பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

குடிவந்த பத்தாம் நாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் வரிசையின் முனையில் வண்டியை நிறுத்தி, வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்த பூமாலையைப் பார்த்து, “பீல்டுமேன், உங்க வூடு எதுங்க?” என்று கேட்டான்.

பூமாலை நின்றார். துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

“என் வூடு எதுவும் இல்லப்பா,” என்றார் கம்பீரமாக. “வூட்டுக்காரம்மா ஆறாம் நம்பர். நான் அவங்களோட இருக்கறவன்.”